வானமெங்கும் வெளிச்சம், பாய்க்குக் காற்றில்லை

நட்சத்திரங்களுக்கு நடுவிலுள்ள வெளியில் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கே ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 411 ஒளித்துகள்கள் இருக்கும். அவை எந்த நட்சத்திரத்திலிருந்தும் வந்தவை அல்ல. பெருவெடிப்பு நிகழ்ந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது, அதுவரை தீப்பிழம்பாகக் கலங்கிக் கிடந்த பிரபஞ்சம் முதன்முறையாகத் தெளிந்தது. அன்று விடுபட்ட ஒளிதான் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளாக எல்லாத் திசைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. புறப்பட்டபோது அது சுமார் 3,000 கெல்வின் வெப்பத்தில் தகதகத்தது. வெளி விரிய விரிய அதன் அலைகளும் நீண்டு, இன்று 2.725 கெல்வினுக்குக் குளிர்ந்து, மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்ணலைகளாக மாறிவிட்டது. இதன் பெயர் அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு. பழைய ஆன்டெனா தொலைக்காட்சிப் பெட்டியில் நிகழ்ச்சி முடிந்த பிறகு கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் மொய்க்குமே, அதில் நூற்றில் ஒரு பங்கு இந்தக் கதிர்களால் வந்ததுதான்.

ஒளி படும் இடத்தில் அழுத்தம் உண்டு. அப்படியானால், எங்கும் நிறைந்திருக்கும் இந்த ஒளியைக் கொண்டே நட்சத்திரம் விட்டு நட்சத்திரத்துக்கு ஒரு கலத்தைச் செலுத்த முடியுமா? கேள்வி எளிமையானதுதான். ஆனால் அதற்கான பதில் ஒளியின் தன்மை, வெப்பத்தின் விதிகள், பிரபஞ்சத்தின் வரலாறு ஆகிய மூன்றையும் தொட்டுச் செல்கிறது.

இந்த ஆசை எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 1977-ல் ஏவப்பட்ட வாயேஜர்-1 நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில், நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்ஸிமா செண்டாரி இருக்கும் 4.24 ஒளியாண்டுத் தொலைவைக் கடக்கச் சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும். ராக்கெட் தன் எரிபொருளைத் தானே சுமக்கிறது. அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும். ரஷ்யாவின் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-ல் வெளியிட்ட சமன்பாடு இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டிவிட்டது. எரிபொருளையே சுமக்காத கலம் என்றால் சூரிய ஒளியில் பாய் விரிக்கலாம். ஆனால் தொலைவு இரு மடங்கானால் சூரிய ஒளி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பின்னணிக் கதிர்வீச்சுக்கு அந்தக் குறை இல்லை. பூமிக்கு அருகிலும், பத்து ஒளியாண்டுக்கு அப்பாலும், அது ஒரே அளவில் இருக்கிறது.

புறா எச்சமும் நோபல் பரிசும்

இந்தக் கதிர்கள் இருக்க வேண்டும் என்று 1948-லேயே ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் கணித்தார்கள். அவர்கள் சொன்ன வெப்பநிலை சுமார் 5 கெல்வின். அந்தக் கணிப்பை யாரும் தேடிப் போகவில்லை. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்ற ஊரில், பெல் ஆய்வகத்தின் 20 அடி கொம்பு ஆன்டெனாவை 1964-ல் வானை நோக்கித் திருப்பிய ஆர்னோ பென்ஸியாஸும் ராபர்ட் வில்சனும் அதை எதிர்பாராமல் கண்டார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும், பகலோ இரவோ, ஒரே அளவு இரைச்சல் வந்தது. ஆன்டெனாவுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, அவற்றின் எச்சத்தைச் சுரண்டித் துடைத்துப் பார்த்தும் இரைச்சல் குறையவில்லை. அருகிலிருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிக்கியின் குழு இதே கதிர்களைத் தேடக் கருவி கட்டிக்கொண்டிருந்தது. இரு தரப்பும் பேசிக்கொண்டபோதுதான் அந்த இரைச்சலின் பொருள் விளங்கியது. 1978-ல் பென்ஸியாஸுக்கும் வில்சனுக்கும் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

விண்கலத்தைச் செலுத்தும் கேள்விக்கு அதைவிட முக்கியமான அளவீடு 1989 நவம்பரில் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் தந்தது. ஜான் மாதரின் குழு, இந்தக் கதிர்வீச்சில் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அளந்து வரைந்தது. கிடைத்த வளைவு, தன் மீது விழும் கதிரையெல்லாம் விழுங்கும் ஒரு கரும்பொருளுக்கு மாக்ஸ் பிளாங்க் 1900-ல் எழுதிய சூத்திரத்தோடு பிசிறின்றிப் பொருந்தியது. ஜார்ஜ் ஸ்மூட்டின் குழு, வானத்தின் ஒரு திசைக்கும் இன்னொரு திசைக்கும் இடையே வெப்பநிலை லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே மாறுகிறது என்று கண்டது. இருவருக்கும் 2006-ல் நோபல் கிடைத்தது. அண்டவியலுக்கு இவை பொற்காலத்தின் தொடக்கம். பின்னணிக் கதிர்வீச்சில் பாய் விரிக்க நினைப்பவருக்கோ இதைவிடக் கெட்ட செய்தி இருக்க முடியாது. பிசிறற்ற கரும்பொருள் வளைவு என்றால், அந்த ஆற்றல் முழுமையாகக் கலந்து சமநிலை அடைந்துவிட்டது என்று பொருள். எல்லாத் திசையிலும் சமம் என்றால், தள்ளுவதற்கு ஒரு பக்கம் என்று எதுவும் இல்லை.

பூமி அளவு வெளியில் ஒன்றேகால் லிட்டர் பெட்ரோல்

முதலில் அளவைப் பார்க்க வேண்டும். பிரபஞ்சத்தில் இன்று உலவும் ஒளியாற்றலில் மிகப் பெரும்பங்கு இந்தக் கதிர்களிடம்தான் இருக்கிறது. எல்லா நட்சத்திரங்களும் இதுவரை உமிழ்ந்த ஒளி அதற்குப் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அது பரவிக் கிடக்கும் இடமோ பெரிது. பூமியின் கன அளவுள்ள ஒரு வெளியை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள பின்னணிக் கதிர்களின் ஆற்றல் முழுவதையும் கூட்டினால் சுமார் 4.5 கோடி ஜூல் வரும். அதாவது, ஒரு வீட்டு மின்கணக்கில் 12 யூனிட்டுக்குச் சற்று மேல். ஒன்றேகால் லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம்.

இதையே மேற்பரப்புக் கணக்காகவும் சொல்லலாம். பூமிக்கு அருகில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஒளி 1,361 வாட். அதே சதுர மீட்டரின் ஒரு பக்கத்தில் விழும் பின்னணிக் கதிர்வீச்சு ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு. ஒரு சதுர கிலோமீட்டர் பாயை விரித்து வைத்தால் அதன் ஒரு முகத்தில் படுவது 3 வாட், சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்குக் காணும். சூரிய ஒளி தேய்ந்து இந்த அளவுக்கு இறங்க, சூரியனிடமிருந்து பூமியின் தொலைவைப் போல் சுமார் 21,000 மடங்கு தொலைவு போக வேண்டும். அது ஏறத்தாழ ஒளியாண்டில் மூன்றில் ஒரு பங்கு. அங்கேகூடச் சூரிய ஒளிக்கு ஒரு சிறப்பு மிஞ்சுகிறது. அது ஒரே திசையிலிருந்து வருகிறது.

ஒளி தள்ளும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. வால்நட்சத்திரங்களின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீள்வதைக் கவனித்த யோகன்னஸ் கெப்ளர், சூரியக் கதிர்களே அதைத் தள்ளுகின்றன என்று 1619-ல் எழுதினார். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1873-ல் அதற்குக் கணக்கு தந்தார். மாஸ்கோவில் பியோத்தர் லெபெதெவ் 1900 வாக்கில் அதைச் சோதனைச்சாலையில் அளந்தார். 2010 மே 21-ல் ஜப்பான் ஏவிய இகாரோஸ், பக்கத்துக்கு 14 மீட்டர் உள்ள சதுரப் பாயை விரித்து, சூரிய ஒளியின் தள்ளுதலால் கோள்களுக்கிடையே சென்ற முதல் கலமானது. அதன் பாயின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு. அதன் மீது சூரியன் செலுத்திய விசை 1.12 மில்லிநியூட்டன், உள்ளங்கையில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடையை வைத்தால் உணரும் அழுத்தம் போன்றது. 2019-ல் பிளானட்டரி சொசைட்டி அனுப்பிய லைட்செயில்-2, 32 சதுர மீட்டர் பாயைக் கொண்டு பூமியைச் சுற்றும் தன் பாதையை மாற்றிக் காட்டியது. பாய்மரக் கலம் என்பது இனி வெறும் கற்பனை அல்ல.

இரு பக்கமும் சமமான தள்ளுதல்

ஒரு சதுர மீட்டர் கதவின் மீது காற்று சுமார் 10 டன் எடைக்கு நிகரான விசையோடு அழுத்துகிறது. ஆனாலும் கதவு அசைவதில்லை. மறுபக்கமும் அதே காற்று, அதே அழுத்தம். பின்னணிக் கதிர்வீச்சில் விரித்த பாயின் நிலையும் இதுவே. அது மங்கலாக இருப்பதுதான் தடை என்று நினைத்தால் தவறு. பெருவெடிப்புக்குப் பின் அந்த ஒளி விடுபட்ட நாளில், ஒரு சதுர மீட்டரில் 45 லட்சம் வாட்டுக்கு மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அன்று ஒரு பாயை விரித்திருந்தாலும் அது நகர்ந்திருக்காது. தள்ளுவதற்குத் தேவை ஒளியின் அளவு அல்ல. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள வேறுபாடு.

அப்படியானால் பாயின் இரு முகங்களை வெவ்வேறாக ஆக்கினால் என்ன? இந்த எண்ணம் நியாயமானது, நுட்பமானதும்கூட. கண்ணாடி போன்ற முகம் கதிரைத் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பும்போது விசை இரட்டிக்கும். கறுப்பு முகம் கதிரை விழுங்கும்; அங்கே விசை ஒற்றை. ஆகவே பளபளப்பான முகத்தில் பட்ட கதிர்கள் வெல்ல, பாய் கறுப்பு முகத்தின் பக்கமாக நகர வேண்டும்.

நகராது. விழுங்கிய ஆற்றல் கறுப்பு முகத்தில் காணாமல் போவதில்லை. அது வெப்பமாகி, மீண்டும் கதிராக வெளியேறுகிறது. வெளியேறும் ஒவ்வொரு ஒளித்துகளும் துப்பாக்கி பின்னுதைப்பது போலப் பாயைப் பின்னுக்குத் தள்ளுகிறது. எந்தப் பொருள் எவ்வளவு நன்றாக விழுங்குமோ, அவ்வளவு நன்றாகவே உமிழும் என்று குஸ்டாவ் கிர்ச்சாஃப் 1859-ல் கண்டறிந்தார். பாயின் வெப்பநிலை சுற்றியுள்ள வெளியின் 2.725 கெல்வினுக்கு வந்து சேர்ந்ததும், கறுப்பு முகம் விழுங்குவதால் வரும் பாதியும் உமிழ்வதால் வரும் பாதியும் சேர்ந்து, கண்ணாடி முகத்தின் முழு விசைக்குச் சரியாக ஈடாகிவிடும். மிச்சம் பூஜ்ஜியம். இதில் பொறியியல் திறமைக்கு இடமே இல்லை. எவ்வளவு நேர்த்தியான பூச்சு பூசினாலும் கணக்கு மாறாது.

பள்ளி ஆய்வகங்களில் கண்ணாடிக் குமிழுக்குள் கறுப்பும் வெள்ளையுமான தகடுகள் சுழலும் குரூக்ஸ் கதிர்மானியைப் பலர் பார்த்திருப்பார்கள். வில்லியம் குரூக்ஸ் 1873-ல் செய்தது. குமிழுக்குள் மிச்சமிருக்கும் மெல்லிய காற்றால்தான் அது சுழல்கிறது. ஆனால் வெளிச்சத்தை அணைத்து, குமிழும் தகடும் அறையும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டால் அது நின்றுவிடும். அறை முழுக்க வெப்பம் இருந்தும் அது சுழலாது. ரிச்சர்ட் ஃபெய்ன்மன் தன் வகுப்புகளில் ஒரு பற்சக்கரத்தையும் அதன் தடைநாக்கையும் வைத்து இதே பாடத்தைச் சொன்னார். ஒரே வெப்பநிலையில், ஒரு பக்கமாக மட்டும் சுழலும்படி எவ்வளவு தந்திரமாகப் பொறி கட்டினாலும், தடைநாக்கும் அதே வெப்பத்தில் துள்ளும். சக்கரம் முன்னும் பின்னும் சமமாகவே ஆடும்.

கறுப்பு முகத்தைக் குளிரூட்டினால்?

மீதி இருக்கும் ஒரே வழி, கறுப்பு முகத்தைப் பூஜ்ஜிய கெல்வினுக்கு அருகில் குளிரவைத்து, அது உமிழாதபடி பார்த்துக்கொள்வது. அது கூடுவதாகவே வைத்துக்கொள்ளலாம். அப்போது மிஞ்சும் அழுத்தம் எவ்வளவு? ஒரு பாஸ்கலைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடியும் கோடியால் வகுத்து, அதில் 70 சதவீதம். பூமிக்கு அருகில் கண்ணாடிப் பாயின் மீது சூரிய ஒளி தரும் அழுத்தத்தில் இது 130 கோடியில் ஒரு பங்கு.

ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம் எடையுள்ள பாயை ஒரு சதுர கிலோமீட்டருக்கு விரித்தால் அதன் எடை ஒரு டன். கலத்தின் எடையையே சேர்க்காமல் விட்டாலும், ஓர் ஆண்டு முடிவில் அது அடையும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பத்து லட்சம் ஆண்டுகள் கழித்து நொடிக்கு 220 மீட்டர், அதாவது ஒரு பயணிகள் விமானத்தின் வேகம். ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கை எட்ட சுமார் 1,370 கோடி ஆண்டுகள் வேண்டும். பெருவெடிப்பன்றே கிளம்பியிருந்தால் இப்போதுதான் அந்த வேகத்துக்கு வந்திருக்கும். ஒற்றை அணு அடுக்கான கிராஃபீனைப் போல ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பாய் கிடைத்தாலும், அதே வேகத்துக்கு ஒரு கோடி ஆண்டு. அவ்வளவு மெல்லிய அடுக்கு கண்ணாடியாகவும் இருக்காது, கறுப்பாகவும் இருக்காது.

குளிரூட்டிக்கு ஆற்றல் வேண்டும் என்ற கேள்வி தனியாக நிற்கிறது. அந்த ஒரு சதுர கிலோமீட்டர் பாய் தரும் மொத்த விசையை, 2 வாட் விளக்கு ஒன்றின் ஒளியைப் பின்புறமாகக் குவித்து எரியவிட்டாலே பெற்றுவிடலாம். ஒளி வெளியேறும்போது அதுவும் பின்னுதைக்கிறது அல்லவா? ஒரு டன் பாயைக் குளிர்விக்கும் இயந்திரத்துக்குச் செலவாகும் மின்சாரம் 2 வாட்டைவிடப் பன்மடங்கு அதிகம். கலத்தில் அந்த மின்சாரம் இருக்குமானால் பாயே தேவையில்லை.

இது வெறும் மேசைக் கணக்கு அல்ல என்பதற்கு பயனியர் கலங்கள் சாட்சி. 1972-லும் 1973-லும் ஏவப்பட்ட பயனியர்-10, பயனியர்-11 ஆகியவை சூரியனை விட்டு வெகுதூரம் போனபோது, கணக்கிட்டதைவிடச் சிறிதளவு வேகம் குறைந்து வருவது தெரிந்தது. பல ஆண்டுகள் அது புதிராகவே இருந்தது. ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டுமோ என்றுகூட ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. 2012-ல் ஸ்லாவா டுரிஷேவின் குழு, பழைய தரவு நாடாக்களைத் தேடி எடுத்து, கலத்தின் வெப்ப வரைபடத்தையே மறுபடி கட்டிப் பார்த்தது. கலத்தின் அணுமின்கலன்களும் கருவிகளும் உமிழ்ந்த வெப்பம் ஒரு பக்கமாகச் சற்று அதிகமாக வெளியேறியதே காரணம். சுமார் 60 வாட் அளவு ஏற்றத்தாழ்வு போதுமானதாக இருந்தது. அந்தத் தள்ளுதல் தந்த முடுக்கம், மேலே சொன்ன ஒரு டன் பாய் கற்பனையாகப் பெறும் முடுக்கத்தைவிட நூறு மடங்குக்கும் மேல். கலத்தின் சொந்த உடல் சூடே பிரபஞ்சத்தின் பழைய சூட்டைவிட வலுவாகத் தள்ளுகிறது.

வேகம் கூடினால் எதிர்க்காற்று

பின்னணிக் கதிர்வீச்சு எல்லாத் திசையிலும் சமம் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அசையும் ஒருவருக்கு அது சமமாகத் தெரியாது. மழையில் நடப்பவர் முகத்தில் மழை சாய்ந்து அறைவது போல, போகும் திசையில் கதிர்கள் சற்றுச் சூடாகவும் பின்புறத்தில் சற்றுக் குளிர்ந்தும் தெரியும். 1970-களின் நடுவில் அமெரிக்க யு-2 விமானத்தில் கருவிகளை ஏற்றிச் சென்ற ஸ்மூட்டும் சகாக்களும் இந்த வேறுபாட்டை அளந்தார்கள். பிற்கால அளவீடுகளின்படி சூரியக் குடும்பம் இந்தக் கதிர்வீச்சை ஒப்பிட நொடிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில், சிம்ம ராசி இருக்கும் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் திசையில் வானம் ஒரு கெல்வினில் ஆயிரத்தில் மூன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் சூடு. எதிர்த்திசையில் அதே அளவு குறைவு.

ஆக, ஒரு காற்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எதிர்க்காற்று. ஒரு பாயை அதில் விரித்தால், பின்னணிக் கதிர்வீச்சை ஒப்பிட அது அசையாமல் நிற்கும்வரை வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். நின்றதும் காற்றும் நின்றுவிடும். அதுவும் மேலே சொன்ன ஒரு டன் பாய்க்குப் பத்தாயிரம் கோடி ஆண்டுக்கும் மேலான வேலை.

ஒளியின் வேகத்தை நெருங்கும் கலத்துக்கு இந்த எதிர்க்காற்று சூடாகிக்கொண்டே போகும். ஒளி வேகத்தில் 90 சதவீதத்தில் முன்புற வானம் சுமார் 12 கெல்வின், பின்புறம் ஒரு கெல்வினுக்கும் கீழே. 99 சதவீதத்தில் முன்புறம் 38 கெல்வின். பயணிகளுக்கு இது ஆபத்தான சூடு அல்ல. விண்மீனிடை வெளியில் மெலிதாகப் பரவியிருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் மோதுவதால் வரும் தடையோ இதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பெரிது. ஆனால் இயற்கை தன் துகள்களை இதே கதிர்வீச்சால் தடுத்து நிறுத்தியும் காட்டுகிறது. 1966-ல் கென்னத் கிரைசனும், தனியாக சாட்செபின், குஸ்மின் இருவரும், மிக அதிக ஆற்றலுள்ள அண்டக்கதிர்ப் புரோட்டான்களுக்குப் பின்னணிக் கதிர்வீச்சே சுவராக நிற்கும் என்று கணித்தார்கள். அந்த வேகத்தில் ஓடும் புரோட்டானுக்கு, சாதுவான நுண்ணலைத் துகள் காமா கதிரின் ஆற்றலோடு எதிரே வருகிறது. மோதி மோதி ஆற்றலை இழக்கும் அத்தகைய புரோட்டான்கள் பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து முழு ஆற்றலோடு வந்து சேர முடியாது. பிரபஞ்சம் முழுவதும் விரிந்த இந்த ஒளி ஏதாவது ஒன்றைச் செலுத்துகிறதா என்று தேடினால், கிடைப்பது ஒரு பிரேக்கின் சான்று.

வானத்தைவிடக் குளிர்ந்த இடம்

வெப்பத்திலிருந்து வேலை வாங்க, சூடான இடம் ஒன்றும் குளிர்ந்த இடம் ஒன்றும் வேண்டும். 2.725 கெல்வின் வானத்தையே சூடான இடமாகப் பயன்படுத்த வேண்டுமென்றால், அதைவிடக் குளிர்ந்த ஒன்று எங்கே இருக்கிறது? இருக்கிறது, கருந்துளை. ஸ்டீபன் ஹாக்கிங்கின் சூத்திரப்படி, சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. அது பின்னணிக் கதிர்வீச்சை விழுங்கும்; கிட்டத்தட்ட எதையும் திருப்பித் தராது.

செக் நாட்டின் டோமாஷ் ஒபத்ர்னியும் சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட கட்டுரை இந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டது. வழக்கமான உலகில் சூடான சூரியனும் குளிர்ந்த வானமும் இருக்கின்றன. அவர்கள் குளிர்ந்த சூரியனையும் சூடான வானத்தையும் கற்பனை செய்தார்கள். நம் வானில் சூரியன் தெரியும் அளவில் ஒரு கருந்துளை தெரியும்படி, பூமி போன்ற ஒரு கோள் இருந்தால், அந்தக் கோள் முழுவதும் சேர்த்துப் பெறக்கூடிய பயனுள்ள ஆற்றல் சுமார் 900 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டிக்குப் போதும். கருந்துளையை வெகு நெருங்கினால் கதை தலைகீழாகிறது. 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் ஒரு மணி நேரம் 7 ஆண்டாக நீளும் கோளில், அதே பின்னணிக் கதிர்வீச்சு ஈர்ப்பால் கூர்மையாகி, தரையை சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிவிடும் என்பதும் அவர்கள் கணக்கு. கருத்தளவில் இது இயங்கும் இயந்திரம்தான். ஆனால் பயணம் போக வேண்டியவர் கருந்துளையைத் தன் கலத்தோடு கட்டிக்கொண்டு போக முடியாது.

ஒளியில் பாய் விரித்து நட்சத்திரம் போக விரும்புபவர்கள் இதனால்தான் ஒளியைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் வழிக்குத் திரும்பினார்கள். 1985-ல் ராபர்ட் ஃபார்வர்ட் முன்வைத்த ஸ்டார்விஸ்ப் திட்டம் பின்னணிக் கதிர்வீச்சின் உறவுக்காரனான நுண்ணலையையே பயன்படுத்தியது. ஒரு கிலோமீட்டர் அகலம், ஆனால் எடை வெறும் 20 கிராம். சிலந்தி வலை போன்ற கம்பி வலை. சூரியக் குடும்பத்திலிருந்து 1,000 கோடி வாட் நுண்ணலையைக் குவித்து அனுப்பினால், ஒரு வாரத்தில் அது ஒளி வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும் என்றார். 2000-ல் நாசாவின் ஜெஃப்ரி லாண்டிஸ் மறுபடி கணக்கிட்டபோது, அவ்வளவு மெல்லிய கம்பி ஃபார்வர்ட் எண்ணியதைவிட அதிகமாகக் கதிரை விழுங்கிச் சூடேறும் என்று தெரியவந்தது. 2016-ல் யூரி மில்னரும் ஹாக்கிங்கும் அறிவித்த பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் திட்டம் லேசரைத் தேர்ந்தது. 10,000 கோடி வாட் லேசர், சில கிராம் எடையுள்ள பாய், ஆல்ஃபா செண்டாரி வரை 20 ஆண்டுப் பயணம். அந்த லேசர் முழுவதும் திரும்பி எதிரொளித்தாலும் விசை சுமார் 670 நியூட்டன்தான், ஓர் ஆளின் எடைக்குச் சமம். ஆனால் அது ஒரே பக்கமாக, சில கிராம் மீது செலுத்தப்படும் விசை.

வெளியில் கிடைப்பதைக் கொண்டே ஓட நினைத்த இன்னொரு திட்டத்துக்கும் இதே கதி நேர்ந்து, அதிலிருந்து நல்ல பலன் பிறந்தது. 1960-ல் ராபர்ட் புஸ்ஸார்ட், விண்மீனிடை ஹைட்ரஜனைக் காந்தப் புனலால் அள்ளி எரித்து ஓடும் கலத்தைக் கற்பனை செய்தார். அள்ளும் புனலே பெரும் தடையாகிவிடும் என்று பின்னர் கண்டபோது, டானா ஆண்ட்ரூஸும் ராபர்ட் சுப்ரினும் 1988-ல் அந்தத் தடையையே எடுத்துக்கொண்டு, வேகமாக வரும் கலத்தைப் போய்ச் சேரும் இடத்தில் நிறுத்தும் காந்தப் பாயாக மாற்றினார்கள். நட்சத்திரப் பயணத்தில் புறப்படுவதைவிட நிற்பது கடினம் என்பதால் இது சிறிய லாபம் அல்ல.

வேகமானியாகவும் குளிர்முனையாகவும்

பின்னணிக் கதிர்வீச்சும் அப்படித்தான், கேட்ட வேலையைச் செய்யாமல் வேறு வேலை செய்கிறது. முதலாவது, வேகமானி. தொலைதூரக் கலம் ஒன்று தன்னைச் சுற்றியுள்ள வானத்தின் முன்பின் வெப்பநிலையை அளந்தால், பிரபஞ்சத்தின் பொது ஓட்டத்தை ஒப்பிட்டுத் தான் எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில் போகிறோம் என்று பூமியிலிருந்து செய்தி வராமலே அறியலாம். இந்த அளவீடு எவ்வளவு கூர்மையானது என்பதற்குக் கோபியே சான்று. பூமி சூரியனைச் சுற்றும் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகம், ஆண்டு முழுவதும் திசை மாறி மாறி கோபியின் அளவீடுகளில் தெரிந்தது. தங்கள் கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்க்க அதையே அளவுகோலாகவும் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வேலை இன்னும் அடிப்படையானது; இன்று வானில் இருக்கும் ஒவ்வொரு கலமும் அதை நம்பியே இருக்கிறது. வெப்ப இயந்திரத்துக்கு வேண்டிய குளிர்ந்த முனையை இந்த 2.725 கெல்வின் வானம் இலவசமாகத் தருகிறது. அறை வெப்பத்தில் உள்ள ஒரு சதுர மீட்டர் கறுப்புத் தகடு விண்வெளியை நோக்கி சுமார் 460 வாட் உமிழும். வானம் திருப்பித் தருவதோ ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு. வாயேஜரின் புளூட்டோனியம் மின்கலன்கள் 1977 முதல் மின்சாரம் தந்து வருவது புளூட்டோனியத்தின் சூட்டால் மட்டுமல்ல. அந்தச் சூடு பாய்ந்து போகக் குளிர்ந்த வானம் மறுமுனையில் இருப்பதாலும்தான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி சுமார் 40 கெல்வினுக்குத் தானே குளிர்வதும், 2009-ல் ஏவப்பட்ட பிளாங்க் கலம் தன் உணரிகளை 0.1 கெல்வினுக்கு இறக்கும் முன் முதல் கட்டக் குளிர்ச்சியை எந்த இயந்திரமும் இன்றிப் பெற்றதும் இந்த வானத்தின் தயவால்.

இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள்களில் ஒளியின் தள்ளுதலும் வானத்தின் குளிர்ச்சியும் ஒரே உடலில் சந்தித்தன. 1992-ல் ஏவப்பட்ட இன்சாட்-2ஏ, 1993-ல் ஏவப்பட்ட இன்சாட்-2பி ஆகியவற்றில் மேகங்களைப் படம் எடுக்கும் வானிலைக் கருவி இருந்தது. அதன் அகச்சிவப்பு உணரி நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அதற்காகக் கலத்தின் வடக்கு முகம் எந்தத் தடையும் இல்லாமல் வெறும் வானத்தைப் பார்க்கும்படி விடப்பட்டது; சூரியத் தகடுகள் தெற்குப் பக்கத்தில் மட்டும் பொருத்தப்பட்டன. ஒரு பக்கம் மட்டும் தகடு இருந்தால், அதன் மீது விழும் சூரிய ஒளியின் அழுத்தம் கலத்தை மெல்ல மெல்லத் திருகிவிடும். ஆகவே வடக்குப் பக்கம் ஒரு நீண்ட கம்பத்தின் நுனியில் சிறு சூரியப் பாய் ஒன்றைக் கட்டிச் சமன் செய்தார்கள். அதே ஏற்பாட்டோடு 1982-ல் ஏவப்பட்ட முன்னோடியான இன்சாட்-1ஏ-யில் அந்தப் பாய் விரியவே இல்லை. மற்றக் கோளாறுகளும் சேர்ந்துகொள்ள, சில மாதங்களிலேயே அது கைவிடப்பட்டது. பின்னால் வந்தவற்றில் பாய் விரிந்தது. தெற்கே தகட்டையும் வடக்கே பாயையும் சூரியன் தள்ள, நடுவில் கலம் நேராக நின்றது; வடக்கு முகம் தன் சூட்டைப் பெருவெடிப்பின் மிச்ச ஒளி நிறைந்த வானத்துக்குள் இறக்கிக்கொண்டே இருந்தது.